விமானியும் தானியங்கியும்

விமானம் செலுத்துவோர் கைச்சக்கரத்தை ஓயாது இழுத்துப் பிடித்தவாறே பறப்பர் எனப் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனமாயின் சிறிது நேரத்தில் தோள் சோர்ந்துவிடும். அச்சோர்வைத் தவிர்க்க வந்ததே 'டிரிம்' என்னும் அமைப்பு.

1955ஆம் ஆண்டில் முதன்முதல் பறந்த செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தைக் காண்போம். அதில் நால்வர் அமரலாம். அதன் வாலில் மேலும் கீழும் அசையும் தட்டு ஒன்று உண்டு. விமானத்தின் மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதன் தொழில். அத்தட்டின் பின்விளிம்பில் பொருந்தியுள்ள சிறு தகடே டிரிம் தகடு. அதனைச் சற்றே திருப்பிவைத்தால், வீசும் காற்றே பெருந்தட்டை வேண்டிய நிலையில் தாங்கி நிற்கும். கையால் உருட்டும் சிறு சக்கரம் இத்தகட்டை இயக்கும். சில விமானங்களில் அதனோடு மின்பொறியும் தானியங்கியும் சேர்ந்துள்ளன.

தானியங்கி பழையதொரு கருவியே. 1914ஆம் ஆண்டில் பாரிசில், லாரன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர் சேன் ஆற்றின்மீது பறந்தவாறு இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். அவர் துணைவர் இறக்கையின்மேல் ஏறி நின்றபோதும் விமானம் நிலைகுலையவில்லை!

இத்தகைய நல்ல ஏவலாளனும் சில வேளைகளில் பகைவன் ஆவதுண்டு. மின்பொறி பழுதுற்று, விமானி ஏவாமலே தகட்டை ஒரே திசையில் திருப்பிக்கொண்டு போகலாம். இஃது எளிதில் புலப்படும் பிழை. மற்றொன்றோ நுட்பமானது; அதனைக் கூர்ந்து நோக்குக. தானியங்கி குறித்த உயரத்தில் விமானத்தைச் செலுத்துகின்றது. விமானியோ அதனை விடுவிக்க மறந்து கைச்சக்கரத்தைத் தன்பால் இழுக்கின்றார். மூக்கை யாதோ ஒன்று உயர்த்துகின்றது என உணர்ந்த தானியங்கி, அதனைத் தாழ்த்துமாறு டிரிம் தகட்டைத் திருப்புகின்றது. அவர் மேலும் இழுக்க, அது மேலும் திருப்புகின்றது. கருவியின்மேல் குற்றம் ஏதும் இல்லை. தனக்கிட்ட பணியையே அது செய்கின்றது. ஆயினும் இப்போராட்டம் நீண்டால் மனிதனுடைய கையே முதலில் தளரும்.

அவ்வேளையில் செய்யத்தக்கது யாது? கைச்சக்கரத்தை உறுதியாகப் பற்றி, விமானத்தை நேர்நிலையில் நிறுத்த வேண்டும். உடனே அச்சக்கரத்திலுள்ள விடுவிப்புப் பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே வைத்திருத்தல் வேண்டும். தானியங்கி விடுபடும் கணத்தில், அதுவரை சேர்ந்திருந்த விசை முழுதும் கையில் வந்து தாக்கும். ஆதலின் பிடி தளரலாகாது. பின்னர் அக்கருவிக்குரிய மின்னிணைப்புக் குமிழை வெளியே இழுத்துவிட்டு, டிரிம் சக்கரத்தைக் கையால் உருட்டிச் சமன்செய்யலாம். மூக்குத் தாழ்ந்து வேகம் மிகுமாயின் காற்றின் விசையும் மிகும். எஞ்சினின் ஆற்றலைக் குறைத்தல் நன்று. காரணத்தை ஆராய்வதற்குத் தரையில் காலம் உண்டு. இறங்கும்வரை அக்குமிழை மீண்டும் உள்ளே தள்ளுதல் கூடாது.

ஒரே மாதிரியான குமிழ்கள் பல வரிசையாக இருத்தலின், உரியதன்மேல் வண்ண வளையம் இட்டுவைப்பாரும் உளர். டிரிம் பொத்தானை இரு பாதிகளாக அமைத்திருப்பதும் பாதுகாப்புக்கே. இரண்டையும் ஒருங்கே தள்ளினாலன்றித் தகடு அசையாது. பறக்குமுன் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே தள்ளிப் பார்ப்பர். அப்போது டிரிம் சக்கரம் சுழலுமாயின் அம்மின்பொறியை நம்பிப் புறப்படமாட்டார்.