அலாரம் அடித்ததும் எல்லோரும் இறங்கிவிட முடியுமா?

கல்லூரிகளில் தீயணைப்பு ஒத்திகை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மைதானத்தில் ஒரு இரும்புத் தட்டில் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைப்பார்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த வீரர் சிலிண்டரின் பின்னை உருவி, தீயின் அடியைக் குறிபார்த்து வெள்ளைப் பொடியைப் பீய்ச்சுவார். தீ அடங்கும், கைதட்டல் எழும். என்.எஸ்.எஸ். மாணவர்கள் இருவரும் முயன்று பார்ப்பார்கள். முதல்வர் நன்றி சொல்வார். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். இது பயனுள்ள செயல்விளக்கம், வேண்டியதும்கூட. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டடம்கூடக் காலி செய்யப்படுவதில்லை. மூன்றாம் மாடி ஆய்வகத்தில் இருப்பவர்கள் எத்தனை நிமிடத்தில் தரைக்கு வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே சக்கர நாற்காலியில் ஒரு மாணவி இருந்தால் அவள் எப்படி வருவாள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

எழுந்தாக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு நிதியுதவி பெறுபவற்றிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆபத்துக் காலத்தில் மற்றவர்களுக்கு நிகரான பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. சேர்க்கைக்கு அழைத்துவிட்டு, ஆபத்தில் வெளியே வர வழி வைக்காமல் இருப்பது பெரும் அநீதி. அதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. தவறான சில நம்பிக்கைகள்தான் இருக்கின்றன.

“நம்முடையது கான்கிரீட் கட்டடம், எரிய என்ன இருக்கிறது?”

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியது தமிழகத்தின் நெஞ்சில் கூரைத் தீயாகவே பதிந்துவிட்டது. கூரைகள் அகற்றப்பட்டன. அதோடு ஆபத்தும் போய்விட்டதாக ஒரு நிம்மதி. ஆனால் அங்கே குறுகலான படிக்கட்டும் இருந்தது, போதிய வெளியேறும் வழி இல்லாமலும் இருந்தது. அந்த விபத்தையொட்டித் தொடரப்பட்ட வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுதும் உள்ள பள்ளிகளுக்குத் தீப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது.

கான்கிரீட் எரியாது என்பது சரி. அதற்குள் இருக்கும் ஃபோம் இருக்கை, ஃபால்ஸ் சீலிங், கேபிள், காகிதம், ஆய்வகத்துக் கரைப்பான்கள் எல்லாம் எரியும். தீயில் இறப்பவர்களில் பலரைச் சுடர் தொடுவதே இல்லை, புகைதான் கொல்கிறது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் அடித்தளத்தில் தீப்பிடித்தது. புகை மேல்தளங்களுக்கு ஏறி, படுக்கையைவிட்டு எழ முடியாத நோயாளிகளை மூச்சுத்திணறடித்தது. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். 2019 மே மாதம் சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இயங்கிய பயிற்சி மையத்தில் 22 உயிர்கள் போயின. படிக்கட்டு வழி எரிந்துபோனதால் பிள்ளைகள் மேலிருந்து குதித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

“தீ என்று சொன்னால் எல்லோரும் பீதியில் ஓடுவார்கள்”

உண்மை இதற்கு நேர்மாறு. பலர் ஓடுவதே இல்லை. மடிக்கணினியை மூடுவார்கள், பையைத் தேடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் எழுகிறாரா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில், 2000 ஜனவரி 19 அதிகாலையில் போலண்ட் ஹால் விடுதி தீப்பற்றியபோது அலாரம் அடித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் 18 முறை பொய்யாக அடித்திருந்ததால் ‘இதுவும் அப்படித்தான்’ என்று பலர் படுக்கையைவிட்டு எழவில்லை. முதலாண்டு மாணவர்கள் மூவர் இறந்தார்கள். அதே ஆண்டு அந்த மாநிலம் கல்லூரி விடுதிகளில் ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது.

இன்னொன்று, மனிதர்கள் உள்ளே வந்த வாசல் வழியாகவே வெளியேறப் பார்ப்பார்கள். 2003-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ஸ்டேஷன் இரவு விடுதியில் வேறு கதவுகள் இருந்தும் கூட்டம் முன்வாசலில் நெரிந்தது. 100 பேர் மாண்டார்கள். பின்பக்கப் படிக்கட்டைத் தினமும் பூட்டி வைத்துவிட்டு, ஆபத்து வந்தால் மட்டும் மாணவர்கள் அதைத் தேடிப் போவார்கள் என்று நம்பக் கூடாது. அது அன்றாடம் புழங்கும் வழியாக இருக்க வேண்டும்.

“கூட இருக்கும் நண்பர்கள் தூக்கிக்கொள்வார்கள்”

நான் அதிகம் அஞ்சுவது இந்த நம்பிக்கைக்குத்தான். நல்ல மனத்திலிருந்து வருவதால் யாரும் இதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஒரு கல்லூரியில் ‘தூக்கிக் காட்டுங்கள்’ என்று கேட்டபோது நடந்ததைப் பார்த்தேன். திடமான நான்கு பையன்கள் சக்கர நாற்காலியின் நான்கு பக்கமும் பிடித்தார்கள். முன்னால் நின்றவன் கையோடு கைப்பிடி கழன்று வந்துவிட்டது. அது கழற்றக்கூடிய கைப்பிடி என்று அவனுக்குத் தெரியாது. நாற்காலியில் இருந்தவர் சுவரைப் பற்றிக்கொண்டார். பிறகு சட்டகத்தைப் பிடித்து மெல்ல இறங்கினார்கள். படியின் திருப்பத்தில் நான்கு பேரும் நாற்காலியுமாக முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். கல்விக் கட்டடங்களின் படிக்கட்டு 1.5 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்த அகலமே இருந்தாலும், பின்னால் முந்நூறு பேர் இறங்கிவரும்போது இது நடந்தால் என்ன ஆகும்? பேட்டரி நாற்காலி என்றால் எடை இன்னும் மிக அதிகம், அதைத் தூக்க நினைப்பதே தவறு. ஆளை மட்டுமே இறக்க வேண்டும்.

எப்படி இறக்குவது என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. முதுகுத்தண்டில் கம்பி இருக்கலாம். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருக்கலாம். காலைப் பிடித்தால் தசை இறுகி வெட்டி இழுக்கலாம். ஒருவர் கைத்தாங்கல் போதும் என்பார். இன்னொருவர் படியில் உட்கார்ந்தபடி தானே ஒவ்வொரு படியாக இறங்கிவிடுவார். திட்டம் போடும் குழுவில் அவர் இல்லாவிட்டால் இதில் எதுவுமே காகிதத்தில் ஏறாது.

இதற்கென்றே எவாகுவேஷன் சேர் என்ற மடக்கு நாற்காலி இருக்கிறது. அதன் பின்புறம் உள்ள ரப்பர் பட்டைகள் படி விளிம்புகளில் உராய்ந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் பழகிய ஒருவரே இறக்கிவிட முடியும். ‘பழகிய’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 1993-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது ஜான் அப்ருசோ என்ற சக்கர நாற்காலிப் பணியாளரைக் கீழே கொண்டுவரப் பல மணி நேரம் ஆனது. அதன்பின் அங்கே இந்த நாற்காலிகள் வாங்கி வைக்கப்பட்டன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது சகபணியாளர்கள் பத்துப் பேர் மாறி மாறி அவரை 69-ஆம் தளத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இறக்கினார்கள். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில் கோபுரம் சரிந்தது.

அதே கோபுரத்தின் 27-ஆம் தளத்தில் எட் பேயா என்ற இன்னொரு சக்கர நாற்காலிப் பணியாளர் மீட்புக்காகக் காத்திருந்தார். நண்பர் ஏப் செல்மனோவிட்ஸ் அவரைவிட்டுப் போக மறுத்து உடன் இருந்தார். இருவரும் திரும்பவில்லை. நண்பரின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. அன்போடு கருவியும் ஆளும் பழக்கமும் சேர்ந்தால்தான் படியிறங்க முடியும்.

“ஓரிடத்தில் காத்திருக்கட்டும், தீயணைப்பு வீரர்கள் வந்து மீட்பார்கள்”

காத்திருப்பது சில சமயம் சரியான வழிதான். ஆனால் எங்கே காத்திருப்பது? தீயைக் குறிப்பிட்ட நேரம் தாங்கும் சுவரும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் உள்ள இடமாக, படிக்கட்டை ஒட்டியதாக, வெளியே பேச ஒரு தொடர்புக் கருவி உள்ளதாக அது இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் காற்றுக்காக அந்தக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருப்பார்கள். படிக்கட்டின் அடியில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை நிறுத்துவது அவரைப் புகைபோக்கியின் வாயில் உட்காரவைப்பதற்குச் சமம். அவர் அங்கே இருக்கிறார் என்பதும் கீழே யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

“லிஃப்ட்தான் இருக்கிறதே!”

சாதாரண லிஃப்ட் கூடாது. மின்சாரம் நின்றால் நடுவழியில் மாட்டிக்கொள்வோம், அதன் குழி புகையையும் மேலே இழுக்கும். தனி மின்வழியும் புகை புகாத முகப்பும் உள்ள லிஃப்ட் வேறு வகை. அதையும் பயிற்சி பெற்றவரே இயக்க வேண்டும். புதுக் கட்டடம் கட்டுகிற கல்லூரிகள் வரைபடத்திலேயே இதைக் கேட்டு வாங்கலாம். பழைய கட்டடமென்றால் சுலபமான வழி ஒன்று உண்டு: சக்கர நாற்காலி மாணவர் இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். கால அட்டவணை போடும் பேராசிரியர் ஒருவர் மனம் வைத்தால் அரை நாளில் முடிகிற வேலை, காசும் செலவில்லை.

“பார்வையற்றவர்கள்தான் முதலில் வழி தவறுவார்கள்”

புகையில் எல்லோருமே பார்வையற்றவர்கள்தான். கண் இல்லாமல் நடக்கப் பழகியவருக்கு அந்த வழி ஏற்கெனவே தெரிந்திருந்தால் அவர் மற்றவர்களைவிடத் தெளிவாக இருக்க வாய்ப்புண்டு. பிறவியிலேயே பார்வையில்லாத மைக்கேல் ஹிங்சன், அதே செப்டம்பர் 11 அன்று ரோசெல் என்ற தன் வழிகாட்டி நாயுடன் உலக வர்த்தக மையத்தின் 78-ஆம் தளத்திலிருந்து நடந்தே இறங்கினார். படிக்கட்டுகளையும் வழிகளையும் அவர் முன்பே பழகி வைத்திருந்தார். முதலாண்டு தொடங்கும்போதே பார்வையற்ற மாணவரை ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒருமுறை நடக்கவைப்பது அதனால்தான் அவசியம். உதவப் போகிறவர் அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தன் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளும்படி நீட்ட வேண்டும். அலறும் சைரனில் அவர் நம்பியிருக்கும் ஓசைக் குறிப்புகள் மறைந்துவிடும் என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

“அலாரம் அடித்தால் எல்லோருக்கும் கேட்கும்”

காது கேளாத மாணவருக்குக் கேட்காது. வகுப்பில் மற்றவர்கள் எழுவதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கழிவறையில் தனியாக இருந்தால்? இரவில் விடுதி அறையில் தூங்கினால்? சிமிட்டும் விளக்கும், தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவியும் எட்டாத விலை அல்ல.

விடுதி என்றதும் பூட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பெண்கள் விடுதிகளில் இரவானதும் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் வைத்துக்கொள்கிறார். பாதுகாப்புக்காக என்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களையும் பாதுகாப்புக்காகத்தான் கட்டியதாகச் சொன்னார்கள். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கக்கூடிய, திறந்தால் வார்டன் அறையில் மணி அடிக்கிற தாழ்ப்பாள் போதும். வெளியாள் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவர் வெளியே வரலாம்.

“மாற்றுத்திறனாளிகளின் பட்டியல் எடுத்தால் அவர்கள் மனம் புண்படும்”

கட்டாயப்படுத்திக் கேட்டால் புண்படும். ‘ஆபத்து வந்தால் உங்களுக்கு எந்த உதவி வேண்டும்?’ என்று எல்லா மாணவர்களிடமும் ஒரே படிவத்தில் கேட்டால் யாருக்கும் சங்கடமில்லை. ஆஸ்துமா உள்ளவர் எழுதுவார், வலிப்பு உள்ளவர் எழுதுவார், பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டவரும் எழுதுவார். கருவுற்ற பேராசிரியை எழுதுவார். கேட்டு வாங்கியபின் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து தனித்திட்டம் எழுத வேண்டும். எந்தப் படிக்கட்டு, உடன் வரும் இருவர் யார், அவர்கள் விடுப்பில் இருந்தால் யார் என்பது அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவமும் கால அட்டவணை மாறும்போது அதையும் மாற்ற வேண்டும். ஒத்திகையின்போது ‘நீ சிரமப்படாதே, கேன்டீனில் உட்கார்’ என்று அவர்களை விலக்கிவைக்கவே கூடாது. ஒத்திகை அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட முதலில் வேண்டும்.

அந்தத் திட்டங்களைத் தொகுத்த ஒற்றைத் தாள் வாயில் காவலர் அறையில் இருக்கட்டும். 101-க்கு அழைத்தபின் வண்டி வந்து நிற்கும்போது, எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தப் படிக்கட்டின் அருகே யார் காத்திருக்கிறார்கள் என்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல ஒருவர் வாயிலில் நிற்க வேண்டும். அவர் பெயரை இந்த வாரமே முடிவு செய்துவிடலாம்.