கோஸை முதலில் வதக்குங்கள்

கேள்வி: முட்டைக்கோஸும் மாட்டுக் கொத்துக்கறியும் அடுக்கி ஓவனில் வைத்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது. கெட்டியாக வர என்ன வழி?

பதில்: கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். பச்சையாக அடுக்கினால் அது எங்கே போகும்? சுவீடனில் ‘கோல்புடிங்’ என்று இதே பண்டத்தைச் செய்கிறார்கள். அங்கே கோஸை வதக்குவதுதான் பாதிச் சமையல்.

ஒரு கிலோ கோஸை விரலகலத் துண்டுகளாக நறுக்கி, அகலமான வாணலியில் வெண்ணெய் விட்டு இரண்டு மூன்று ஈடாக வதக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வதங்காது, வெந்துவிடும். முதலில் நீர் விட்டுச் சுருங்கும்; சலசலப்பு அடங்கிய பிறகே ஓரங்கள் பழுப்பேறும். அப்போது உப்பும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரைப் பாகும் சேர்த்துப் புரட்டுங்கள். இனிப்பு லேசாகக் கருகி வரும் அந்த மணம்தான் இதன் உயிர். நேரமாகும், அவசரப்படாதீர்கள்.

அரைக் கிலோ கொத்துக்கறியில், பாலில் ஊறிய ரொட்டித்தூள், ஒரு முட்டை, வதக்கிய வெங்காயம், உப்பு, மிளகு சேர்த்துப் பிசையுங்கள். கோஸில் ஒரு பங்கைக் கறியோடே கலந்துவிடுவது எனக்குப் பிடித்த முறை, வெட்டும்போது உதிராது. மீதிக் கோஸை அடியிலும் மேலேயும், கறியை நடுவிலும் பரப்பி, 200 டிகிரி செல்சியஸில் சுமார் 45 நிமிடம் வையுங்கள். நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும். கொத்துக்கறியில் இதில் சமரசமே கூடாது. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால் மிச்சச் சாற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அவித்த உருளைக்கிழங்கும் லிங்கன்பெர்ரி ஜாமும் தொட்டுக்கொள்ள வேண்டும். ஜாம் கிடைக்காவிட்டால் கிரான்பெர்ரி வையுங்கள், புளிப்பு இல்லாமல் பரிமாறாதீர்கள்.