கூலி ஏறினால் வேலை குறையுமா?

வங்கியில் பயிர்க்கடன் பார்த்த காலத்தில் கூலி எனக்கு ஒரு வரிதான். ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு கடன் அளவை நிர்ணயித்திருக்கும், அதற்குள் கூலியும் அடங்கிவிடும். ஓய்வுக்குப் பிறகு சேந்தமங்கலத்தில் கடலைக்காய் போட்டேன். அந்த வரி பெரிதாகிவிட்டது.

எங்கள் பக்கம் கோழிப் பண்ணையும் லாரி பாடி கட்டும் பட்டறையும் ஆட்களை இழுக்கின்றன. நூறு நாள் வேலைக் கூலியும் 2025 ஏப்ரலில் 319 ரூபாயிலிருந்து 336 ஆனது. 300 ரூபாய்க்குக் களைவெட்ட யார் வருவார்கள்? வரச்சொல்வதும் நியாயமில்லை. 400 ஆக்கினேன்.

ஏக்கருக்கு இரண்டு களைக்கும் சேர்த்து 27 ஆள். 8,100 ரூபாயில் முடிந்தது 10,800 ஆகும். பக்கத்துக் காட்டுக்காரர் களைக்கொல்லி அடித்து வேலையை முடித்துவிட்டார். நாம் அதைத் தொட மாட்டோம். சக்கரக் களைக்கருவி வாங்கி வரிசை இடையில் நானும் மகனும் தள்ளினோம் (என் இடுப்பு வலிக்குக் கணக்கு எழுதவில்லை). செடி ஓரத்துக்கு மட்டும் கைக்களை. 14 ஆளோடு, 5,600 ரூபாயில் முடிந்தது.

வழக்கமாக வரும் அம்மா ஒருவர் கேட்டார்: "அவரு மருந்தடிச்சாரு, நீங்க வண்டி தள்றீங்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

கூலி ஏறினால் ஆள் தேவை குறையும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. ஆளுக்கு மாற்று சுலபமாகக் கிடைக்கிறதா, கூடுதல் கூலியை விலை தாங்குமா என்று பார்க்க வேண்டும். களைவெட்டில் மாற்று சுலபம். கையால் களை எடுத்தேன் என்றால் மண்டிக்காரர் ஒரு ரூபாய்கூட ஏற்றித் தரமாட்டார்.

விதைக் கடலை அப்படியில்லை. மெஷினில் உடைத்தால் பருப்பு பிளக்கும், முளைக்கரு அடிபடும், முளைப்பு குறையும். அடுத்த பட்டத்துக்கு முன் 200 கிலோ காயைக் கையால் உடைக்கவைத்தேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கிலோ. பத்து ஆள், கூலி 4,000. கிடைத்த பருப்பு 140 கிலோ, கிலோவுக்குக் கூலி சுமார் 29 ரூபாய் விழுந்தது. விதைக்கு வந்த இயற்கை உழவர்கள் கிலோவுக்கு 40 ரூபாய் கூடவே கொடுத்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆக 13 ஆள் வேலை போய், 10 வந்தது. மீதி மூன்றுக்கு வரப்போரம் துவரை ஊன்றியிருக்கிறேன். ஆனால் உடைக்க வந்தவர்கள் அதே ஆட்கள் இல்லை. வெயிலில் குனிய முடியாத வயசானவர்கள்தான் திண்ணையில் உட்கார்ந்து உடைத்தார்கள். என்னைக் கேள்வி கேட்ட அம்மா இப்போது கோழிப் பண்ணைக்குப் போகிறார்.