மெல்ல மெல்ல

நுழையும்முன்

தோல்வியுற்றவர் வெற்றியோடு சேர்த்துத் தம்மால் இயலும் என்னும் எண்ணத்தையும் இழந்துவிடுகிறார். அவ்வெண்ணத்தை மீட்கும் வழியை நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் பயிற்சி காட்டுகிறது.

உயரம் தரும் சோதனை

மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் தொலைவு கொண்ட ஓட்டம். அதில் ஈடுபாடு கொண்ட பிறநாட்டவர் பலர், விடுமுறையில் மேற்குக் கென்யாவின் இட்டென் என்னும் சிறு நகருக்குப் பயிற்சிக்காகச் செல்கின்றனர். காயத்தாலோ தோல்வியாலோ ஊக்கம் குன்றியவர்களும் அவர்களுள் உண்டு. ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகரின் நுழைவாயிலில், 'வெற்றியாளர்களின் இல்லம்' என்று பொருள்படும் வளைவு வரவேற்கிறது.

அவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவான ஆக்சிஜனே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். சொந்த ஊரில் எளிதாக ஓடிய வேகத்தில் ஓட முயல்பவருக்குச் சிறிது தொலைவிலேயே மூச்சு இரைக்கும். பழைய வேகத்தோடு தம்மை ஒப்பிட்டு வருந்துவதில் அங்குப் பயனில்லை. எனவே, கைக்கடிகாரத்தை நோக்குவதை விடுத்து, மூச்சின் அளவறிந்து ஓடப் பழகுகிறார். உலக அளவில் வென்ற வீரர்களும் அங்குச் செம்மண் பாதையில் இயல்பு ஓட்டத்தை மிகுந்த நிதானத்துடன் தொடங்குவர். சுவாகிலி மொழியில் 'போலே போலே' என்றால் 'மெல்ல மெல்ல' என்பது பொருள். நாள்கள் செல்லச் செல்ல உடல் அவ்வுயரத்திற்கு இணங்குகிறது. குருதியில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. நேற்று நின்று இளைப்பாறிய ஏற்றத்தை இன்று நில்லாமல் கடக்கும்போது நம்பிக்கை துளிர்க்கிறது.

வீழ்ச்சியும் மீட்சியும்

புகழ்பெற்ற வீரர்க்கும் இப்பாடம் பொருந்தும். அதே மேட்டுநிலத்தில், கப்டகட் என்னும் ஊரின் முகாமில் பயிற்சி பெற்றவர் எலியுட் கிப்சோகே. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்கான கென்ய அணியில் அவருக்கு இடம் கிட்டவில்லை. மறு ஆண்டு அவர் மராத்தானுக்கு மாறினார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஏழாண்டுகள் மராத்தானில் தோல்வி காணாத அவர், 2020 அக்டோபரில் இலண்டனில் எட்டாம் இடத்திற்குப் பின்தங்கினார். அவரது காலம் முடிந்ததோ என்னும் ஐயம் எழுந்தது.

கிப்சோகே பழைய பயிற்சிக்கே திரும்பினார். வார நாள்களில் குடும்பத்தைப் பிரிந்து முகாமில் தங்குதல், கழிப்பறையைத் தூய்மை செய்வது உள்ளிட்ட பணிகளைச் சக வீரர்களுடன் பகிர்தல், அன்றாடப் பயிற்சியைக் குறிப்பேட்டில் எழுதுதல் ஆகியன அம்முகாமில் அவர் கைக்கொண்ட ஒழுங்குகள். 2021 ஆகஸ்டு 8 அன்று ஜப்பானின் சப்போரோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் மராத்தானை 2 மணி 8 நிமிடம் 38 விநாடியில் முடித்து, மீண்டும் தங்கம் வென்றார்.

நம்பிக்கை பிறந்தபின் முயலலாம் எனக் காத்திருப்பவரிடம் அது வருவதில்லை. இன்று இயன்ற அளவில் தொடங்கி, நாளையும் அதனைத் தொடர்பவரிடம் அது தானே வந்து சேர்கிறது. தேர்வில் பின்தங்கிய மாணவர்க்கும் வழி இதுவே.

கற்பவை கற்றபின்

நீங்கள் கைவிட்ட ஒரு பயிற்சியை மீண்டும் தொடங்கி, ஒரு வார முன்னேற்றத்தை நாட்குறிப்பாக எழுதுக.