கேள்வி-பதில்: உறையும் எண்ணெய், கொதிக்கும் தண்ணீர்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடுகிறது. மெழுகு கலந்திருக்கிறார்களா?
– வாசகி, சேலையூர்

உறைவது கலப்படத்துக்கு அடையாளம் அல்ல. தேங்காய் எண்ணெயின் உருகுநிலை சுமார் 24 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியலில் தாம்பரம் பக்கம் அதற்கும் கீழே குளிர்வது வழக்கம். இதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் சங்கிலி நேரானது. நேரான சங்கிலிகள் நெருங்கி அமைவதால், அவற்றுக்கு இடையிலான லண்டன் விசை எனும் ஈர்ப்பு நீளம் முழுக்கப் பிடித்துக்கொள்கிறது. கடலை எண்ணெயில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வளைந்திருப்பதால் அப்படி நெருங்கி அமையாது. அதனால் கடலை எண்ணெய் அதே அலமாரியில் திரவமாகவே இருக்கும். உறைந்துவிட்டது என்பதற்காகச் சுத்தமான எண்ணெய் என்று நற்சான்று தருவதும் தவறு. அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

பீரோவில் வைத்த அந்துருண்டை உருகிய தடமே இல்லாமல் மறைந்தது எப்படி?
– வாசகர், குரோம்பேட்டை

பதங்கமாதல்; அதாவது, திடப்பொருள் உருகாமல் நேரடியாக ஆவியாவது. பீரோவைத் திறந்ததும் வரும் நெடி, காற்றில் கலந்துவிட்ட அந்துருண்டையின் நாப்தலின்தான். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றனவா?
– பிளஸ் டூ மாணவர், ஊரப்பாக்கம்

பிரிவதே இல்லை. ‘கொதிக்கும்போது பிணைப்புகள் உடைகின்றன’ என்று, எந்தப் பிணைப்பு எனச் சொல்லாமல் மனப்பாடம் செய்வதால் வரும் குழப்பம் இது. இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் திரண்டு சொட்டுவது தண்ணீரே. பானைக்குள் இருந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவந்தால், அடுப்புச் சுடர் பட்டதும் வெடித்துவிடும். 100 டிகிரியில் ஒரு மோல் நீரை ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் போதும். அதே ஆவியைத் தனித்தனி அணுக்களாக்க 900 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். முன்னதில் அறுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு. பின்னதில், மூலக்கூறுக்கு உள்ளேயே இருக்கும் சகப்பிணைப்பு. இடையிலான பிடிமானம் எவ்வளவு பெரிது என்பதை ஹைட்ரஜன் சல்பைடு காட்டும்: நீரைவிடக் கனமான மூலக்கூறாக இருந்தும், அந்தப் பிடிமானம் வலுவாக இல்லாததால் அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. விடைத்தாளில் ‘மூலக்கூறுகளுக்கு இடையே’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால் முழு விடையும் தப்பாகிவிடும்.

பல்லாவரம் மலைக்கல்லையும் மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைதான் பிடித்திருக்கிறதா?
– வாசகர், பம்மல்

இல்லை. அந்தக் கல் சார்னக்கைட்; 1893-இல் நிலவியலாளர் டி.எச். ஹாலந்து பெயரிட்டது. அதிலுள்ள குவார்ட்ஸில் தனி மூலக்கூறு என்று ஒன்றே கிடையாது. சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் படிகம் முழுக்கச் சகப்பிணைப்பால் தொடர்ந்து கோக்கப்பட்டிருக்கின்றன. உடைக்க வேண்டியது அந்த வலிய பிணைப்பையே என்பதால்தான், எண்ணெயை இளக்கும் வெயிலில் கல் அசையாமல் கிடக்கிறது.