காற்றில் நின்ற குரல்

நம் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் எழுப்பிய கற்கோயில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. குரலோ காற்றில் தோன்றிக் காற்றிலேயே மறைவது. ஆயினும் மறையாத குரலும் உண்டு.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் கிரிக்கெட் ஆட்டங்களை நேர்முக வருணனை செய்தவர். கிரிக்கெட் மேலைநாட்டினின்று வந்த ஆட்டம். அதன் சொற்களும் பிறமொழிச் சொற்களே. அவர் அதனை இனிய தமிழில், பந்தின் விரைவுக்கு ஈடுகொடுத்து உரைத்தார். சென்னைச் சேப்பாக்கத் திடலைக் கண்டறியாத சிற்றூராரும் வானொலிப் பெட்டியருகே அமர்ந்து, செவியால் ஆட்டத்தைக் கண்டனர்.

2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் மறைந்தார். அவரை நேரிற் காணாதோரும் உறவினரை இழந்தார்போல் வருந்தினர். அவர்தம் நினைவில் எழுந்தது அக்குரலே. தாய்மொழியில் தெளிவுறப் பேசுவோர் சொல், கேட்டோர் நெஞ்சில் கல்லெழுத்தாய் நிற்கும்.