உங்கள் வேகத்தில் ஒரு புராஜெக்ட்: மருத்துவத் துறை மாணவர்களுக்கு

நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் படிப்புகளில் கடைசி ஆண்டில் இருக்கிறீர்களா? பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் படிக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

"ரத்த அழுத்தம் அளப்பது எப்படி?" என்ற கேள்விக்கு முழு மார்க் வாங்கிய அதே கைதான் நாளைக்கு ஒரு பாட்டியின் கையில் பட்டையைச் சுற்றப் போகிறது. அங்கே 10 புள்ளி தவறினால் தேவையில்லாத மாத்திரை சேரலாம், தேவையான மாத்திரை விட்டுப்போகலாம். புத்தகத்துக்கும் வார்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைக் குறைக்க உதவுவதுதான் சுயவேகப் புராஜெக்ட் கற்றல்.

இது என்ன முறை?

இதில் இரண்டு பழைய யோசனைகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு வேலையைச் செய்து முடிப்பதன் வழியாகவே படிக்கலாம் என்று அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918-ல் எழுதினார். 1968-ல் உளவியலாளர் ஃப்ரெட் கெல்லர் இன்னொரு வழியைச் சொன்னார். பாடத்தைச் சின்னச் சின்ன அலகுகளாகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் முழுசாகத் தேறிய பிறகுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். தேறவில்லையென்றால் மார்க் குறையாது, திரும்பவும் முயலலாம்.

சுயவேகம்னா இஷ்டப்பட்டப்போ படிக்கலாம்னு நினைச்சுடாதீங்க. ஒருவர் நான்கு நாளில் முடிப்பதை இன்னொருவர் பத்து நாளில் முடிக்கலாம். ஆனால் தேர்ச்சிக்கான அளவுகோல் இருவருக்கும் ஒன்றுதான்.

ஒரு மாதிரி புராஜெக்ட்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் இதன் மூலம் வீட்டுக்கே வருகின்றன. வந்த மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டுமே! உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் தெருவில் ஏன் நிறுத்துகிறார்கள்? இதுதான் புராஜெக்ட்டின் கேள்வி.

படி 1: சரியாக அளக்க. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை கூடாது. 5 நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். கால் மேல் கால் போடக் கூடாது, அளக்கும்போது பேசக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு அதிகமாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து குறிக்க வேண்டும்.
*தேர்ச்சி:* இருவர் ஒரே நேரத்தில் கேட்கும் பயிற்சி ஸ்டெதாஸ்கோப்பில் உங்கள் அளவும் ஆசிரியரின் அளவும் ஒத்துப்போக வேண்டும்.

படி 2: சரியாகக் கேட்க. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் எல்லோரும் "ஆமாம்மா" என்பார்கள். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு பாட்டி?" என்று கேளுங்கள், உண்மை வரும்.
*தேர்ச்சி:* வகுப்புத் தோழரை நோயாளியாக உட்கார வைத்துப் பேசிக் காட்ட வேண்டும்.

படி 3: ஐந்து வீடுகள். ஆசிரியரின் அனுமதியும் வீட்டாரின் சம்மதமும் வாங்கிய பிறகே போக வேண்டும். மாத்திரையை மாற்றுவதோ நிறுத்தச் சொல்வதோ உங்கள் வேலை அல்ல. அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.
*தேர்ச்சி:* ஐந்து வீட்டுக் குறிப்புகளையும் ஆசிரியர் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

படி 4: திருப்பிக் கொடுக்க. கண்டறிந்த காரணங்களுக்கு ஏற்றபடி 2 நிமிட ஆடியோ ஒன்றைப் பேச்சுத் தமிழில் பதிவு செய்யுங்கள்.
*தேர்ச்சி:* கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லையென்றால் மாற்ற வேண்டியது உங்கள் ஆடியோவைத்தான்.

போனை எப்படிப் பயன்படுத்துவது?

- மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.
- பெயர், போன் நம்பர் எழுத வேண்டாம். 'வீடு 1', 'வீடு 2' என்று குறித்தாலே போதும்.
- நோயாளியையோ மருந்துச் சீட்டையோ போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போடவே கூடாது.

ஆசிரியர்களுக்கு

இந்த முறையின் பெரிய பலவீனம், தள்ளிப்போடுதல். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டவர் கடைசி வாரத்தில் நான்கு படியையும் ஒன்றாகச் செய்யப் பார்ப்பார். அதனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கடைசித் தேதி வையுங்கள். வாரம் 10 நிமிடம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். முதலில் முடித்த மாணவர்களைப் பின்தங்கியவர்களுக்கு உதவச் சொல்லுங்கள். கெல்லர் முறையிலும் மாணவர்களே மாணவர்களுக்கு உதவினார்கள்.

உங்கள் வீட்டுக்கு மாணவர் வந்தால்

கல்லூரி அல்லது பள்ளி அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். எதற்காக வந்திருக்கிறார் என்று கேளுங்கள். விருப்பமில்லையென்றால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆதார் எண்ணோ ஓடிபியோ இதற்குத் தேவையே இல்லை. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் இருந்தால் யாருக்கும் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.